ஜெப்தே வீட்டு வாசல்

நம்மில் முட்டி வலியோடு இன்னமும் வார நாள் பூசைக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். எப்போதாவது ஒரு நாள், யாரும் எதிர்பாராமல், இப்தாவின் வாசகம் வந்துவிடும். போருக்குப் போன இஸ்ரயேல் சேனாதிபதி. ஜெயித்துத் திரும்பினால் என் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிரே வருவதை உனக்கே கொடுக்கிறேன் என்று கடவுளிடம் வாக்குக் கொடுத்தவன். அவன் திரும்பிய அன்று ஒரே மகள் ஆடிப் பாடிக்கொண்டு வெளியே வந்தாள், வாக்குப்படி அவளையே பலி கொடுத்தான். கடைசியாக நான் கேட்டபோது அதை வாசித்தது ஒரு கல்லூரிப் பையன். ரயில்வே அறிவிப்பு மாதிரி வாசித்து முடித்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றான். எல்லோரும் "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள். நான் சொல்லவில்லை. அந்தக் கதைக்கு எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாம் சின்னவர்களாக இருந்தபோது அவன் பெயர் ஜெப்தே. பூசை லத்தீனில் நடந்த காலம். வேதக் கதை எதுவும் நமக்குப் பீடத்திலிருந்து வரவில்லை, கோயில் மைதானத்தில் போட்ட நாடகத்தில்தான் வந்தது. ராயபுரத்தில் எங்கள் கோயில் திருநாளுக்கு வருஷா வருஷம் ஜெப்தே நாடகம். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்தான் எழுதியவர், ஆட்டுவிப்பவர், ஆர்மோனியக்காரர் எல்லாம். ஜெப்தே வேஷம் எங்கள் நைனாவுக்கு. தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. மீன் விற்கிற அம்மாக்கள்கூட "சேனாதிபதி வூட்டுப் பொண்ணா நீ?" என்றுதான் என்னைக் கேட்பார்கள்.

அந்த வேஷம் அவருக்கு ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்று சொல்ல வேண்டும். நைனாவுக்குச் சொந்த ஊர் காத்திவாக்கம். தாத்தாவுக்கு இரண்டு குடும்பம். நைனா இரண்டாவது வீட்டுப் பிள்ளை, தாலி ஏறாத வீடு. தாத்தா கண்ணை மூடியதும் மூத்த வீட்டு அண்ணன்மார், கட்டுமரத்திலும் வலையிலும் உனக்குப் பங்கில்லை என்று துரத்திவிட்டார்கள். ராயபுரம் வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கி, கப்பலின் அடிக்கிடங்கில் இறங்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி ஆனார். ஜெப்தேயும் அப்படித்தான், தாயைச் சொல்லி அண்ணன்மார் விரட்டியவன். பிறகு எதிரிப் படை வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் அவனைத் தேடிப் போய், எங்களுக்குத் தலைவனாக வா என்று கெஞ்சினார்கள். அந்தக் கட்டத்தில் நைனா மேடையில் நிஜமாகவே அழுவார். முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கும் துறைமுகத்து ஆட்களும் அழுவார்கள். காத்திவாக்கத்திலிருந்து இவரைத் தேடி யாரும் வந்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவருடைய தலைக்கவசம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டித் தட்டியது. நெற்றியில் குத்தாமலிருக்க அம்மா உள்ளே சாக்குத் துணி வைத்துத் தைத்திருந்தாள். நான் அதற்குள் முகத்தை விட்டு மோந்து பார்ப்பேன். மண்ணெண்ணெய், வியர்வை, அரிதாரம் எல்லாம் கலந்த ஒரு நெடி. அந்த நெடிதான் எனக்கு ராஜபார்ட்.

ஜெப்தேயின் மகளாக வேஷம் கட்டியது ரொட்டிக்கடையில் வேலை பார்த்த ஒருவன். மீசையை மழித்து, பவுடர் அப்பி, கஞ்சிரா தட்டிக்கொண்டு வருவான். பெண்கள் மேடை ஏறக்கூடாது என்பது பங்குச் சாமியார் சட்டம். என் அக்காவுக்கு அந்த மகள் பாட்டு முழுக்க மனப்பாடம். பதினாறு வயசு, நல்ல குரல். உபதேசியார் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அந்த ரொட்டிக்கடைக்காரனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். "நானே பாடிட்டா முடிஞ்சிது, இவனுக்குச் சொல்லித் தர்றதுக்குள்ள தாவு தீந்துபூடுது" என்பாள். ஆசிரியைப் பயிற்சிக்கு அவளை அனுப்பலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவளும் சாக்பீஸ் துண்டு பொறுக்கி வைத்துக்கொண்டு, கதவில் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ரேஷனில் அரிசி குறைந்து கோதுமை போட்ட காலம், உங்களுக்கு நினைவிருக்கும். சப்பாத்தி சுடத் தெரியாமல் நம் அம்மாமார் அதைக் கஞ்சியாக்கிக் கொடுத்து நம்மை அழவைத்தார்களே, அந்தக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நைனா சாயங்காலம் வரும்போது கழுத்து மடிப்பில் எல்லாம் உமித் தூசி இருக்கும். அவர் வரும் சத்தம் கேட்டால் நான்தான் முதலில் ஓடுவேன். எல்லா நாளும் நான்தான். காரணம் பாசமில்லை, அவர் கையிலிருக்கும் தூக்குச்சட்டி. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய முந்திரியோ திராட்சையோ ஏதாவது அதில் இருக்கும். வாசற்படியைத் தாண்டி அதைப் பிடுங்கிக்கொள்வது என் உரிமை. தெருவே அதைப் பார்த்துச் சிரிக்கும்.

அன்று நடந்ததை நான் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பகல் வெயில் இறங்கவில்லை. நைனாவோடு வேலை பார்க்கும் வின்ச்காரர் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். வின்ச் என்றால் கப்பலில் மூட்டை தூக்கும் இயந்திரம், அதை ஓட்டுகிறவர். நேராகப் பின்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டி அருகில் அம்மாவிடம் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். அக்கா அடுப்படியில் ஊதாங்குழலோடு உட்கார்ந்திருந்தாள். நான் கதவில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, "நைனாவுக்கு அடி பட்டுக்கீது. உசிருக்கு ஒண்ணும் இல்ல. ரிக்சாவுல வந்துகினு கீறாரு" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அவள் செய்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. பஞ்சாரத்தைத் தூக்கி, எங்கள் ஒரே கோழியைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோனாள். கதவுக்கு உள்ளே விட்டு, வெளியே விரட்டினாள். அது வெளியே வெயிலைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி ஓடிவந்தது. மறுபடி பிடித்தாள். மறுபடி வந்து கட்டிலடியில் புகுந்துகொண்டது. புருஷனுக்கு அடிபட்டு வருகிற நேரத்தில் கோழியோடு என்ன விளையாட்டு என்று நினைத்தேன். அம்மா தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ரிக்சா மணி கேட்டது.

நான் ஓடினேன். அக்கா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள், உதறினேன். பின்னலைப் பிடித்து இழுத்தாள். நிலைப்படியில் முகம் மோதி விழுந்தேன். முன்பல் பாதி உடைந்தது. வாயெல்லாம் ரத்தம். நிமிர்ந்து பார்த்தபோது அவள் எனக்கு முன்னால் தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

ரிக்சாவிலிருந்து இறங்கிய நைனா அவளைப் பார்த்தார். மேடையில் இந்தக் கட்டத்தில் ஜெப்தே சட்டையைக் கிழித்துக்கொள்வான். நிஜத்தில் அது அவருடைய ஒரே வேலைச் சட்டை. கிழிக்கவில்லை. மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கிடங்கில் கோதுமை மூட்டை அடுக்குச் சரிந்து நைனா அடியில் மாட்டிக்கொண்டார். இருட்டு, மூச்சு முட்டும் தூசி. மேலே நின்றவர்கள் ஆள் போய்விட்டார் என்றே நினைத்தார்கள். அப்போது மூட்டைகளுக்கு அடியிலிருந்து அவர் குரல் கேட்டது. பரலோக மந்திரம் இல்லை, அருள்நிறை மந்திரம் இல்லை. ஜெப்தேயின் வாக்குப் பாட்டு. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போனது, சாவு வந்து நின்றபோது வேறு எதுவும் வாயில் வரவில்லை. வீட்டுக்கு என்னை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தால் வாசலில் முதலில் எதிரே வருவது உனக்கே என்று மேடையில் பாடுகிற அதே ராகத்தில் பாடியிருக்கிறார். குரல் வந்த இடத்தைப் பார்த்துத்தான் மூட்டையைப் புரட்டி ஆளை எடுத்தார்கள். பாட்டு அவரைக் காப்பாற்றியது. ஆனால் அந்த வாக்கைக் கேட்டவர்கள் ஒரு கிடங்கு நிறைய ஆட்கள்.

சாமியார் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், அவசரப்பட மாட்டார். "நாடகத்தில் பாடுகிற பாட்டு நேர்ச்சை ஆகாது. பயத்தில் சொன்னது. கடவுள் அதைக் கணக்கில் வைக்க மாட்டார். பேசாமல் ஒரு மெழுகுவத்தி ஏற்று" என்றார்.

நைனா தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். "மூட்டைக்கு அடியில நான் நாடகம் ஆடல சாமி" என்றார்.

"உன் மகளுடைய வாழ்க்கை இது."

"எனக்குப் படகு இல்ல, வலை இல்ல, அப்பன் பேரு இல்ல. வாக்கு ஒண்ணுதான் கீது. அதையும் வுட்டுட்டா நான் யாரு சாமி?"

சாமியாருக்குப் பதிலாகத் தெரு பேசியது. சேனாதிபதி என்றால் இவன்தான் என்றது. ஜெப்தே மகளைக் கொல்லவில்லை, கன்னியாகக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தான் என்று உபதேசியார் விளக்கம் சொன்னார். ஆகவே கன்னியர் மடம். நேர்ச்சையைப் பற்றி வின்ச்காரர் வந்து சொன்னது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அம்மா அழுதாள். பாவம், அப்பனைப் பார்க்கிற ஆசையில் ஒன்றும் தெரியாமல் ஓடிவந்தது பெண், கடவுளே கை காட்டிவிட்டார் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இன்று அந்த முகங்களை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவர்கள் இல்லை, மூடநம்பிக்கைக்காரர்கள்கூட இல்லை. நல்ல நாடகம் ஒன்று தெருவிலேயே நடக்கிறது, அது பாதியில் நின்றுவிடக் கூடாது என்ற ஆசை அவர்களுக்கு.

பக்கத்து வீட்டு அத்தை மட்டும் அம்மாவிடம் யோசனை சொன்னாள். "பெருசு கல்யாண வயசுப் பொண்ணு. சின்னதைக் குடுத்துடேன். மடத்துல அநாதைப் பசங்களோட வளந்துபூடும். எப்பவும் அதுதான மொதல்ல ஓடும், அன்னிக்கும் அதுவே போயிருக்கும்."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "நீ உன் வேலையைப் பாத்துகினு போ அத்தை" என்றாள். பெரியவர்களிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து அந்த அத்தையை அவள் எங்கள் படி ஏற விடவில்லை. எனக்கோ உள்ளுக்குள் கோபம். பல்லையும் உடைத்துவிட்டு, கடவுள் தேர்ந்தெடுத்த பெண் என்ற பெயரையும் இவளே எடுத்துக்கொண்டாளே என்று.

கதையில் மகள் தன் தோழிகளோடு மலைகளில் சுற்றி அழுவதற்கு இரண்டு மாதம் தவணை கேட்பாள். அக்காவும் கேட்டாள். வேதத்தில் இருப்பதை நைனா மறுக்க முடியுமா. ராயபுரத்தில் மலைக்கு எங்கே போவது? ரயில் பாதையோரம் குவித்திருந்த நிலக்கரிதான் நமக்குத் தெரிந்த மலை. அவள் தோழிகள் இரண்டு பேர், என்னையும் இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். காலடிப்பேட்டையில் ஒரு தோழியின் சித்தி வீட்டில் நாள் முழுக்கச் சோழி ஆடினோம். திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனி வெளியே வாடை மூக்கில் ஏற நின்று, வேலைக்குப் போகும் பெண்கள் கையை வீசி நடப்பதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். கடற்கரையில் அந்த மகள் பாட்டைப் பாடச் சொல்லித் தோழிகள் கேட்டார்கள். "அது தெரியாது எனக்கு" என்றாள். யாரும் அழவில்லை. அழுவதற்காக வந்தோம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு நாள் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு காத்திவாக்கம் போனாள். கழிமுகத்தில் தண்ணீர் வற்றி, பெண்கள் சேற்றில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒரு பெரிய ஆள் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். நைனாவின் அதே காது. அவர்தான் மூத்த பெரியப்பா.

அக்கா அவர் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். "நீ ஒரு தபா எங்க வூட்டுக்கு வந்து, 'தம்பி, நேர்ச்சையெல்லாம் வாணாம், வுட்டுடு'ன்னு சொல்லு பெரிப்பா. சாமியார் சொல்லிக் கேக்கல. நீ சொன்னா கேப்பாரு. அண்ணன் வந்து தம்பின்னு கூப்ட்டா அவருக்கு அது போதும். ஆளை மாத்துறதெல்லாம் வாணாம். நேர்ச்சையே வாணாம்னு சொல்லு."

அவர் வலையூசியை நிறுத்தவில்லை. "எனக்கு யாரும்மா தம்பி?" என்றார். ஒரு கண்ணியைக் கட்டி முடித்துவிட்டு, "வாக்குத் தவறாதவன்னு ராயபுரத்துல பேரு எடுத்துக்கீறானாமே. அதையும் நான் வந்து கெடுக்கணுமா" என்றார்.

கதையில் ஜெப்தேயைத் தேடி வந்தார்கள். எங்களைத் தேடி வர யாருமில்லை என்பது அன்றைக்கு அக்காவுக்குத் தெளிவாகிப்போயிற்று. பெரியம்மா ஓலைப்பெட்டியில் இறால் போட்டுக் கொடுத்தாள். திரும்பும் வழியில் அக்கா அதைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டாள். சிலது இன்னும் உயிரோடு இருந்தது, துள்ளிப் போயிற்று.

தவணை முடிந்தது. தெற்கே வெகுதூரத்து மடம். அழைத்துப் போக வந்த மதர், விதிப்படி எல்லோர் முன்னாலும் ஒரு கேள்வி கேட்டார். "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், உன் சொந்த விருப்பத்தில்தான் வருகிறாயா?"

"என் இஷ்டத்துலதான் வரேன் மதர்."

அப்பனுக்காகப் பொய் சொல்கிறது பெண் என்று அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். நைனா ரயிலடிக்கு வரவில்லை. அன்று அவருக்கு வேலையும் இல்லை.

அடுத்த திருநாளுக்கும் நாடகம் வைத்தார்கள். வழக்கத்தைவிடக் கூட்டம். எண்ணூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள், நிஜ ஜெப்தேயைப் பார்க்க. போருக்குப் புறப்படும் கட்டத்தில் நைனா தலைக்கவசத்தோடு வந்து மண்டியிட்டார். ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. அவர் பாடவில்லை. உபதேசியார் பக்கத் திரையிலிருந்து முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். நைனா தலைக்கவசத்தைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே இறங்கி வீட்டுக்கு நடந்து போய்விட்டார். அதன் பிறகு எங்கள் கோயிலில் ஜெப்தே நாடகம் நடக்கவில்லை. தகரத்தை அம்மா எடுத்துவந்து கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். அந்தக் கோழியும் அவளும் கிழடாகும்வரை கூடவே இருந்தார்கள். தகரம்தான் முதலில் துருப்பிடித்துப் போனது.

நைனா அதிகம் பேசாமலேயே செத்துப்போனார். சாவுக்கு அக்காவை அனுப்ப மடத்தில் விதி இடம் கொடுக்கவில்லை. கடவுள் அவளைக் கேட்டார், நான் கொடுத்தேன் என்பதுதான் கடைசிவரை அவர் தன்னைத் தேற்றிக்கொண்ட வழி.

எனக்குப் பேரன் பிறந்த பிறகுதான் அந்த மடத்துக்குப் போனேன். அதற்குள் விதிகள் தளர்ந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்ந்த சிஸ்டர் என்று ஒரு மெலிந்த கிழவியைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்தார்கள். சுத்தமான தமிழில் நலம் விசாரித்தாள். பிறகு என் வாயையே பார்த்தாள்.

"அந்தப் பல்ல இன்னும் கட்டிக்கலியா நீ?"

அந்த ராயபுரத்துப் பேச்சு அவள் வாயில் திரும்பி வந்ததும் எனக்குக் கோபமும் கூடவே வந்தது. "நீ ஒடச்சதுதான. அன்னிக்கு என்னா அப்படி ஒரு அவசரம் உனுக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "வின்ச்சுக்கார மாமா தொட்டியாண்ட சொன்னது அடுப்படியில கேட்டுச்சி. கோழி போவும்னு பாத்தேன், அது போவல. நீ கையை உதறிகினு ஓடுற. வேற இன்னா பண்றது?"

என் நாக்கு அந்த உடைந்த பல்லைத் தடவியது. "நைனாகிட்ட சொல்லியிருக்கலாம்ல? தெரிஞ்சேதான் வந்தேன், இது கடவுள் காட்டினது இல்லன்னு சொல்லியிருந்தா வுட்டிருப்பாரே."

"வுட மாட்டாரு" என்றாள். "அப்ப மொதல்ல வரவேண்டியவ நீதான்னு ஆயிருக்கும். வாக்கு போயிருக்காது. ஆள்தான் மாறியிருக்கும்."

நான் அழுதேன். அவள் தேற்றவில்லை. மடத்தில் அதெல்லாம் பழக்கம் விட்டுப்போயிருக்கும். மணி அடித்தது, அவள் ஜெபத்துக்கு எழுந்திருக்க வேண்டும். எழுந்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"அன்னிக்குத் தூக்குச்சட்டியில இன்னா இருந்துச்சி?"

நினைவிருந்தது. நைனா தெருவில் உட்கார்ந்திருக்க, அக்காவைச் சுற்றிக் கூட்டம் கூடியிருக்க, யாரும் பார்க்காத நேரத்தில் ரிக்சாவிலிருந்து நானே அதை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"பேரீச்சம்பழம்" என்றேன். "நானே தின்னுட்டேன்."

"தித்திப்பா இருந்துச்சா?"

வாயில் ரத்தம் இருந்தது, ஆனாலும் தித்தித்தது.

"இருந்துச்சி" என்றேன்.